காதுக்கும் கருவிக்கும் பொருத்தம் பார்த்து ஹெட்போன் வாங்குவோம்

கட்டாரில் வேலை செய்யும் நானா விடுமுறையில் வந்தபோது, என் மேசையில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை வைத்தார். உள்ளே ஒரு ஹெட்போன். கல்லூரியை விட்டு வெளியேறிய பின் வீட்டிலிருந்தே பாட ஒலிப்பதிவுகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். "நல்ல சாமான் ஒண்டு இருந்தா வேலை லேசாகும்" என்று என்றோ ஒருநாள் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. அவரது அரை மாதச் சம்பளம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

மடிக்கணினியில் மாட்டிக் கேட்டேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிதாக வந்தது. ஒலியளவை நூறுக்கு உயர்த்தியும் போதவில்லை. மேலே ஓடும் மின்விசிறியின் இரைச்சலும் காதுக்குள் வந்தது. நானாவின் மனம் நோகக்கூடாதே என்று ஒன்றும் சொல்லாமல் ஒரு மாதம் அப்படியே பாவித்தேன்.

ஒருநாள் பின்னேரம் நான் அஸர் தொழப் போயிருந்த நேரத்தில் தங்கச்சி அதைக் கழற்றிவிட்டு, தன்னுடைய சின்ன இயர்போனை அதே துளையில் மாட்டி ஒரு பாட்டை ஓடவிட்டாள். ஒலியளவு இன்னும் நூறிலேயே இருந்தது. அவள் அலறிய சத்தம் எனக்கு அடுத்த அறையில் கேட்டது. "தாத்தா, காதுக்குள்ள கூவுது" என்று அழுதாள். அந்தக் கூவல் இரண்டு நாட்கள் நிற்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்குத் தவணைப் பரீட்சை.

வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். செவிப்பறைக்குச் சேதமில்லை என்றார். அதிர்ச்சியடைந்த காது பெரும்பாலும் தானே தெளியும், சில நாட்கள் அமைதியாக இருக்கவேண்டும், கூவல் நிற்காவிட்டால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் கூவல் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

ஒரே மடிக்கணினி, ஒரே துளை, ஒரே ஒலியளவு. விலை கூடிய ஹெட்போனில் கேட்கவே கேட்காத சத்தம், சில நூறு ரூபா இயர்போனில் காதை உடைக்கப் பார்த்தது எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பெருநாள் காசைச் சேர்த்து ஹெட்போன் வாங்க நினைக்கும் தங்கைமாருக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஓம் என்ற எண்

ஒவ்வொரு ஹெட்போனின் பெட்டியிலும் ஓம் என்ற அலகோடு ஓர் எண் இருக்கும். மின்னோட்டத்துக்கு அந்தக் கருவி காட்டும் தடை அது. நானா வாங்கியது 300 ஓம். "நம்பர் கூடக் கூடத் தரம் கூட" என்று கடைக்காரர் சொன்னாராம். அது பிழையான பேச்சு. ஓம் தரத்தைக் காட்டும் எண் அல்ல. எப்படிப்பட்ட கருவியோடு சேரும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

உடவளவை நீர்த்தேக்கத்திலிருந்து வரும் வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. ஒரே உயரத்திலிருந்து இரண்டு குழாய்களில் தண்ணீரை விடுங்கள். அகன்ற குழாயில் பாய்ந்து வரும், ஒடுங்கிய குழாயில் மெல்ல வரும். ஒடுங்கிய குழாயிலும் அதே அளவு தண்ணீர் வேண்டுமானால் தொட்டியை இன்னும் உயரத்தில் வைக்கவேண்டும். மின்சாரத்தில் அந்த உயரம்தான் வோல்ட்டு.

சாதாரணதர விஞ்ஞானத்தில் படித்த கணக்குத்தான். வோல்ட்டை அதனாலேயே பெருக்கித் தடையால் பிரித்தால் வலு கிடைக்கும். பல கைத்தொலைபேசிகளும் மடிக்கணினிகளும் ஹெட்போன் துளையில் ஏறத்தாழ 1 வோல்ட்டுத்தான் தரும். அந்த 1 வோல்ட்டு 300 ஓம் ஹெட்போனில் 3.3 மில்லிவாட்டு வலுவைத் தரும். 32 ஓம் ஹெட்போனில் அதே வோல்ட்டு 31 மில்லிவாட்டைத் தரும். 16 ஓம் இயர்போனில் 62 மில்லிவாட்டுக்கு மேல். தங்கச்சியின் காதில் நடந்தது இதுதான். நான் பாவித்ததைப் போல ஏறத்தாழ பத்தொன்பது மடங்கு வலு, காதுக் குழிக்குள் செருகிய சின்னக் கருவிக்குள் பாய்ந்துவிட்டது. அதோடு, நான் கேட்டது மெதுவாகப் பதிந்த ஓர் ஆசிரியரின் குரல். அவள் போட்டது சத்தமாகப் பதிந்த பாட்டு.

உணர்திறன் என்ற இரண்டாவது எண்

ஓமை மட்டும் பார்த்தால் போதாது. 1 மில்லிவாட்டு வலு கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் தரும் என்பதையும் பெட்டியில் எழுதியிருப்பார்கள். அதுதான் உணர்திறன். சில கம்பனிகள் 1 வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று எழுதும். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒப்பிடும்போது எது என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

டெசிபெல் நாம் பழகிய எண்களைப் போலக் கூடுவதில்லை. வலுவை இரு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல். ஆகவே 90 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஹெட்போனை, 100 டெசிபெல் கொண்டதன் சத்தத்துக்குக் கொண்டுவரப் பத்து மடங்கு வலு வேண்டும். ஓம் குறைந்திருந்தும் உணர்திறன் குறைவானதால் போனில் சோர்ந்துபோகும் விலை கூடிய ஹெட்போன்கள் பல உண்டு.

ஒலிப்பதிவுக் கூடங்களில் அதிகம் காணப்படும் சிலவற்றைப் பாருங்கள். சோனி எம்.டி.ஆர். 7506 63 ஓம். ஓடியோ டெக்னிக்கா எம் 50 எக்ஸ் 38 ஓம். இவை போனிலும் மடிக்கணினியிலும் நன்றாகவே பாடும். செனைசர் எச்.டி. 600 300 ஓம். அது அருமையான கருவி, ஆனால் அதற்குத் தக்க துணை வேண்டும். பெயர்டைனமிக் டி.டி. 770 புரோ என்ற ஒரே மாதிரி 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக விற்கப்படுகிறது. பெயரை மட்டும் சொல்லி வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் எது வந்து சேரும் என்று சொல்லமுடியாது. ஓம் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எனவே ஹெட்போனைத் தேடுவதற்கு முன், எதில் மாட்டப் போகிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனில் மட்டும் என்றால் 16 முதல் 50 ஓம் வரை, 100 டெசிபெலுக்குக் கிட்டிய உணர்திறன் உள்ளது போதும். உயர்ந்த ஓம் உள்ளதுதான் வேண்டுமென்றால் அதற்கென ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் சேர்த்தே விலை பாருங்கள். பல புதிய போன்களில் துளையே இல்லை. டைப் சி துளையில் மாட்டும் சிறு இணைப்பி தேவைப்படும். எண்களாக இருக்கும் ஒலியை மின்னலையாக மாற்றும் வேலையை அதுதான் செய்கிறது.

மூடியதும் திறந்ததும்

ஹெட்போன் பிறந்தது பாட்டுக் கேட்பதற்காக அல்ல. 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியேல் போல்ட்வின் என்பவர் தன் வீட்டுக் குசினியில் செய்த கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வானொலிச் செய்திகளைக் கேட்பதற்காக வாங்கியது. 1958இல் ஜோன் கொஸ் இரு காதுக்கும் வேறு வேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை இசை கேட்பதற்கென்றே வெளியிட்டார். 1968இல் செனைசர் எச்.டி. 414 வந்தது. காதுக்கு வெளிப்புறமாக மூடியில்லாத, திறந்த ஹெட்போன்களின் தொடக்கம் அதுதான். 1979இல் சோனியின் வோக்மன் வந்த பிறகு ஹெட்போன் தெருவுக்கும் பஸ்ஸுக்கும் இறங்கியது.

அந்தத் திறந்ததா மூடியதா என்ற கேள்வி இன்றும் முக்கியமானது. திறந்த ஹெட்போனில் ஒலி தலைக்குள் அடைபடாது. முன்னால் விரிந்து நிற்பது போலிருக்கும். காதும் வேர்க்காது. ஆனால் உள்ளே கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வெளியே உள்ள சத்தம் அத்தனையும் உள்ளே வரும். நானா தந்தது திறந்த வகை. தகரக் கூரையில் மழை பெய்யும்போது அதில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் உம்மா குசினியிலிருந்து கூப்பிட்டாலும் பாங்கு சொன்னாலும் கேட்கும் என்பது அதன் நன்மை.

மூடிய வகை வெளிச்சத்தத்தைக் குறைக்கும், தாழ்ந்த ஒலிகளை அழுத்தமாகத் தரும். கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கும், ஒரே அறையில் இரண்டு பேர் படிக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். எம்பிலிப்பிட்டியவின் வெயிலில் செயற்கைத் தோல் மெத்தை அரை மணித்தியாலத்தில் வேர்க்கத் தொடங்கிவிடும். வெல்வெட் போன்ற துணி மெத்தை உள்ளதைத் தேடுங்கள். மெத்தையைக் கழற்றி மாற்றமுடியுமா, வயரைக் கழற்றி மாற்றமுடியுமா என்றும் கேளுங்கள். ஹெட்போனில் முதலில் பழுதாவது இந்த இரண்டும்தான்.

நமக்கென்று இன்னொரு விடயமும் உண்டு. பர்தாவுக்கு மேலே ஹெட்போனை மாட்டினால் மெத்தைக்கும் காதுக்கும் இடையில் துணி மடிப்பு விழுகிறது. மெத்தை சரியாகப் படியாமல் காற்று கசியும். அப்போது முதலில் குறைவது தாழ்ந்த ஒலிகள். கண்ணாடிக் காம்பும் இதையே செய்யும். கடையில் கேட்டுப் பார்க்கும்போது வழக்கமாக அணியும் அதே பர்தாவோடும் கண்ணாடியோடும் கேட்டுப் பாருங்கள். வெளியே பாவிப்பதற்கே வாங்குவதென்றால் துணிக்குள்ளேயே அணியக்கூடிய நல்ல இயர்போன் பெரிய ஹெட்போனைவிடப் பொருத்தமாக இருக்கலாம். அதன் சிலிக்கன் நுனி காதின் அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும். பெட்டியிலுள்ள மூன்று அளவுகளையும் போட்டுப் பார்க்காமல் "பாஸ் இல்லை" என்று குறை சொல்லக்கூடாது.

உள்ளே அதிர்வது எது?

பெரும்பாலான ஹெட்போன்களுக்குள் இருப்பது ஒரு சிறு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு மெல்லிய தகடு. சுருளில் மின்னோட்டம் மாறும்போது தகடு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிர வைக்கிறது. இது டைனமிக் வகை. 1937இல் பேர்லினில் உருவான பெயர் கம்பனியின் டி.டி. 48 இவ்வகையில் முதலாவது.

பிளேனர் வகையில் கம்பித் தடம் தகட்டின் மேலேயே பரவி அச்சிடப்பட்டிருக்கும். தகடு முழுவதும் ஒன்றாக அசையும். ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் காந்தங்கள் அதிகம் என்பதால் பாரம் கூட. மூன்றாவது மின்னிலை வகை. ஜப்பானின் ஸ்டக்ஸ் கம்பனி 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கென்றே செய்த தனி ஒலிபெருக்கி இல்லாமல் ஓடாது. முதல் முறை நல்ல ஹெட்போன் வாங்குபவருக்கு டைனமிக் வகையே போதும். பாரம் 300 கிராமைத் தாண்டினால், படிக்கும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்குமா என்றும் யோசியுங்கள்.

உங்கள் சுவை என்ன?

மனிதக் காது கேட்கும் எல்லை 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். தஃப், முரசு போன்றவற்றின் அடி ஒலி 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே. பேசும் குரலின் உடல் அதற்கு மேலே நடுப்பகுதியில். ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மை 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே.

கிராஅத் கேட்டுப் பழகுபவருக்கு இது சின்ன விடயமல்ல. ஸீன், ஸாத், தா ஆகியவற்றின் வேறுபாடு அந்த உயர்ந்த பகுதியில்தான் தெளிகிறது. பாஸ் மட்டும் ஓங்கி நிற்கும் ஹெட்போனில் அது மங்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கும் பாடம் கேட்பவர்களுக்கும் நடுப்பகுதி சமமாக, குரல் முன்னால் நிற்கும் ஹெட்போன் வேண்டும். நாகூர் ஹனீபாவின் பழைய பதிவுகளையும், வானொலி முஸ்லிம் சேவையின் பழைய ஒலிநாடாக்களையும் விரும்புவோருக்கு மேல் ஒலி மிகவும் கூர்மையான ஹெட்போன் ஒத்துவராது. நாடாவின் "ஸ்ஸ்" என்ற இரைச்சலை அது பெரிதாக்கிக் காட்டும். இன்றைய திரையிசையில் தாளத்தை விரும்புபவர் பாஸ் சற்றுக் கூடியதை எடுத்தால் தவறில்லை.

ஷோன் ஓலிவ், டொட் வெல்ட்டி என்ற ஆய்வாளர்கள் பலரையும் கேட்க வைத்துச் சோதித்தபோது, பெரும்பாலானோர் விரும்பியது நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்பதைப் போன்ற சமநிலையான ஒலியை. அதைவிடப் பாஸ் கூட வேண்டும் என்பவர்களும், குறைய வேண்டும் என்பவர்களும் இருந்தார்கள். ஆகவே அடுத்தவர் புகழ்கிறார் என்பதற்காக வாங்கவேண்டாம். நன்கு பழகிய மூன்று பதிவுகளைப் போனில் கொண்டு போங்கள். ஒன்று வெறும் குரல், ஒன்று பல வாத்தியங்கள் கொண்டது, ஒன்று தாளம் நிறைந்தது. ஒவ்வொரு ஹெட்போனிலும் அதே மூன்றையும் ஒரே அளவு சத்தத்தில் கேளுங்கள். சத்தம் கூடியது எப்போதும் நல்லது போலவே தோன்றும். ஏமாறுவது அங்கேதான்.

விலை

2017இல் ஜெரூன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை ஒலிகளை எந்த அளவில் தருகின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பு காணவில்லை. விலை கூடினால் கட்டுமானம், மெத்தை, உழைப்புக் காலம் போன்றவை கூடலாம். ஒலியைக் காதால்தான் தீர்மானிக்கவேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பெயர் போன கம்பனியின் பெட்டி நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் அது போலியாக இருக்கலாம் என்று முதலில் நினையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்றும் கேட்டு வையுங்கள்.

கேட்கும் பதிவும் தரமாக இருக்கவேண்டும். வட்ஸ்அப்பில் பத்துக் கை மாறிவந்த குரல் பதிவை எந்த ஹெட்போனாலும் அழகாக்கமுடியாது. வயரில்லாத ஹெட்போனில் ஒலிபெருக்கி உள்ளேயே இருப்பதால் ஓம் பற்றிய கவலை இல்லை. ஆனால் புளூடூத் ஒலியைச் சுருக்கியே அனுப்புகிறது. எல்டாக் போன்ற மேலான முறை வேண்டுமென்றால் போனிலும் ஹெட்போனிலும் இரண்டிலும் அது இருக்கவேண்டும். ஐபோனில் எல்டாக் இல்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். பற்றரி சில வருடங்களில் தளர்ந்துவிடும் என்பதையும் மனதில் வைக்கவேண்டும். வயர் உள்ள நல்ல ஹெட்போன் பத்து வருடங்களும் உழைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எங்கள் வாப்பா இருபத்தைந்து வருடம் ஓர் அரிசி மில்லில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். இன்று அவருக்குப் பேச்சு கேட்கும், ஆனால் சொல் விளங்காது. மெய்யெழுத்துகளின் கூர்மை அவர் காதைவிட்டுப் போய்விட்டது. தங்கச்சியின் காது கூவிய அந்த இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "ஹெட்போன் உடைஞ்சா இன்னொண்டு வாங்கலாம் மகள், காது வாங்கக் கிடைக்காது" என்றார்.

உள்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணித்தியாலங்கள் வரை பாதுகாப்பானது என்கிறது. பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். 90 டெசிபெலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணித்தியாலங்கள்தான். 100 டெசிபெலில் 20 நிமிடங்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இவ்வாறு காதைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தில் இருப்பதாகவும் அது எச்சரிக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. ஒலியளவை அறுபது வீதத்துக்குள் வையுங்கள். ஒரு கை தூரத்தில் நிற்பவர் பேசுவது கேட்காவிட்டால் சத்தம் கூட. பிள்ளையின் போனில் ஒலி எல்லையை அமைத்துக் கொடுங்கள். மணிக்கொருமுறை காதுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். இரைச்சலான இடத்தில் சத்தத்தைக் கூட்டுவதைவிட மூடிய ஹெட்போனை வாங்கிக் கொடுப்பது மேல். ஹெட்போனைத் தடை செய்வதால் பயனில்லை. பாடமே அதன் வழியாகத்தான் வருகிறது.

முடிவில்

நடந்ததை நானாவிடம் சொன்னேன். கவலைப்பட்டார், கோபிக்கவில்லை. ஹெட்போனை விற்கவும் இல்லை. அதற்குப் பொருத்தமான ஒரு சிறிய ஒலிபெருக்கியைப் பின்னர் வாங்கினேன். முதல் நாள் மாட்டிக் கேட்டபோது, ஒரு மாதமாக நான் திருத்திக்கொண்டிருந்த பதிவில் ஆசிரியர் பக்கம் புரட்டும் சத்தமும், தூரத்தில் ஒரு சேவல் கூவுவதும் கேட்டன. சாமானில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அதை நாங்கள் மாட்டிய இடம்தான் பிழை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் எதைக் கழற்றினாலும் முதலில் ஒலியளவைப் பூச்சியத்துக்கு இறக்கவேண்டும். மாட்டிய பிறகுதான் மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். அந்தச் சட்டத்தைக் காகிதத்தில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியவள் தங்கச்சிதான்.